அந்தப் பார்சலைப் பிரிக்க வேண்டாம், அண்ணாச்சி

நம் சமுதாயச் சங்கத்தின் தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர் மாமாவுக்கும், கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், இளைஞரணித் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

பெயர் போடவில்லை. நம் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றுதான் இருக்கிறது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. சாதிப் பெயரையும் போடவில்லை, இன்ன சாதி என்று காட்டப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தையும் சொல்லப்போவதில்லை. பயம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிச் சீமையில் இதைப் படிக்கிற எவரும் தங்கள் நிறத்தை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் பெரிய காரணம்.

போன செவ்வாய்க்கிழமை செம்புக் கம்பி எடுக்க லாரி ஆபீசுக்குப் போயிருந்தேன். என் பார்சலுக்குப் பக்கத்தில் சங்கத்தின் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று. ஒரு மூலை பிய்ந்திருந்தது. உள்ளே இரண்டு நிறம் சேர்த்து முறுக்கிய கயிறு, கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு. “பள்ளிக்கூடம் தெறக்க முன்ன பயலுவளுக்குக் குடுக்கவாம்” என்றான் பில் போடுகிற பையன். நானும் சங்கத்து ஆள்தானே, கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியுமா என்று வேறு கேட்டான். வண்டியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கம்பிச் சுருள்தான்.

அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் மகன் பதினொன்று முடித்துப் பன்னிரண்டுக்குப் போகிறான். அவன் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த அன்றே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். “எல்லாவனும் கட்டுதான்னு நீயும் கட்டணுமாலே? நீ தனியா நில்லு. நீ நீயா இரு.” சொல்லி முடித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. நல்ல அப்பன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் அவன் கையை வீட்டில் பார்க்கும்போதெல்லாம் வெறும் கைதான். பிள்ளை சொன்ன சொல் தட்டவில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றியிருக்கிறேன், உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டிருப்பீர்கள்.

என் வீட்டுக்காரிக்கு ஒரு பழக்கம். துணி ஊறப்போடும் முன் கால்சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுவாள், எப்போதாவது ஐந்து ரூபாய்க் காசு விழும். ஒரு நாள் அப்படி இழுத்தவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பையின் உள்துணி வெள்ளை. அதில் சாயம் இறங்கியிருந்தது, இரண்டு நிறமும். வியர்வையில் நனைந்த கயிற்றைச் சுருட்டி உள்ளே திணித்தால் எப்படி இறங்குமோ அப்படி. ஒரு நாள் சாயம் இல்லை அது. மேல் மேலாகப் படிந்து ஓரம் கருத்துப்போயிருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். தோசையைப் பிய்த்தபடி, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னான்.

“எங்க வச்சுக் கட்டுதே?”

“பஸ் ஸ்டாப்புல.”

“எப்ப அவுக்கே?”

“ஸ்கூல் கேட்டுக்கு முன்னால. பி.டி. வாத்தியார் கத்திரியோட நிப்பாரு.”

“ஒத்தக் கையால எப்படிலே கட்டுதே?”

ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டுவதாகக் காட்டினான், எச்சில் கையோடேயே. அவன் காட்டிய வேகத்தில் தெரிந்தது எத்தனை நூறு தடவை கட்டியிருப்பான் என்று. ஆக அந்தக் கயிறு பஸ் ஸ்டாப்பில் பிறந்து பள்ளிக்கூட கேட்டில் செத்து, சாயங்காலம் மறுபடி பிறக்கிற கயிறு. மொத்தமே பதினொரு கிலோமீட்டர்தான் அதன் ஆயுசு.

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவன் அம்மா நடுவில் வந்தாள். அப்புறம் அவன் சொன்னதைக் கேட்டபிறகு ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காலையில் அந்த பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டிலேயே கேள்வி வருமாம், நீ யார் ஆளுலே என்று. வாயால் கேட்கிறது முதல் நாள் மட்டும். பிறகு கண் கையைப் பார்க்கும். முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம். பாட்டு எந்தப் பக்கத்துப் பாட்டு போட வேண்டும் என்று டிரைவரிடம் சண்டை. கண்டக்டர் எந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பமாட்டார், அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். வெறும் கையோடு ஏறிய என் மகன் முதல் ஒரு மாதம் கண்டக்டர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். “வெறுங்கையா இருந்தா யாரும் சும்மா விடமாட்டாங்க யப்பா. அவுங்களுக்கு நான் இவுங்க ஆளு. இவுங்களுக்கு நான் அவுங்க ஆளு.” ஒரு நாள் அவன் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியே எறிந்திருக்கிறார்கள். எறிந்தவன் வேற்றுத் தெருக்காரன் இல்லை, நம் தெருப் பையன்தான். அன்று மத்தியானம் சத்துணவு வரிசையில் போய் நின்றிருக்கிறான். வீட்டில் வந்து பாக்ஸ் தொலைந்துவிட்டது என்றான். கவனமில்லாத பயல் என்று திட்டியது நான்.

மறு வாரம் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினான். “அன்னைக்குத்தான் மொத மொத சீட்டு குடுத்தாங்க” என்றான்.

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. இடம் கிடைத்த நிம்மதிதான் இருந்தது. பதினாலு பதினைந்து வயதில் அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று நீங்களும் நானும் மறந்துவிட்டோம். அப்புறம் சொன்னான்: “நீங்க கடையில இருக்கீங்க யப்பா. பஸ்ல நான்லா இருக்கேன்.” கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போகும்போது வாசலைக் கண்ணால் காட்டி இன்னொன்றும் சொன்னான். “வண்டியில மட்டும் ஒட்டியிருக்கீங்க.”

வாசலில் என் பைக் நிற்கிறது. அதன் டேங்கில் பத்து வருடத்துக்கு முன் நம் தலைவர் ஜெயந்தி ஊர்வலத்தில் இளைஞரணி கொடுத்த ஸ்டிக்கர். சத்தியமாகச் சொல்கிறேன், அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு மறந்தது அவனுக்கு மறக்கவில்லை. பிளேடும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து சுரண்டினேன். ஸ்டிக்கர் வந்துவிட்டது, பசையும் வந்துவிட்டது. காலையில் வெயிலில் பார்த்தால் டேங்கு முழுக்க வெளுத்துக் கிடக்கிறது, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வாங்கின அன்று இருந்த மாதிரி பளபளவென்று, அதே வடிவத்தில். முன்னைக்கு இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

அன்றிலிருந்து நான் அவனிடம் கயிற்றை அவிழ் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் போகிறான். ஒளிக்காமல் வீட்டிலேயே கொடியில் காயப்போடு, ஈரத்தோடு பையில் திணிக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இது சரியா தப்பா என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய இடம் அவன் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அதனால்தான் மடல் உங்களுக்கு.

இதுவரை வந்த எல்லாப் புத்திமதியும் பையன்களின் மணிக்கட்டைப் பார்த்தே வந்தது. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், நிறம் நிறமாகக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி. இந்துக்களின் கயிற்றில் கைவைக்கிறார்கள் என்று சத்தம் கிளம்பியது. துறை அமைச்சரே அது தமக்குத் தெரியாமல் போனது என்றார். அதோடு போயிற்று. 2022 ஏப்ரலில் நம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கயிற்றில் ஆரம்பித்த தகராறில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அடிபட்டு, சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அடித்ததும் அதே பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான்.

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. கூடப் படிக்கிறவர்கள் படுத்திய பாட்டில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் இருந்த பையன் அவன், பட்டியல் சாதிப் பையன். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டான். வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அரிவாளைத் தூக்கியவர்கள் அவனோடு படித்த பையன்கள். மறு வருடம் அந்தப் பிள்ளை பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கியது. பேப்பரில் படித்தபோது கடையில் யாரும் இல்லை, நல்லவேளை.

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் இன்னொன்று. பதினொன்றாம் வகுப்புப் பையன் பரீட்சை எழுத பஸ்ஸில் போகிறான். வழியில் மறித்து வெட்டியதில் கை விரல்கள் போயின. கபடியில் அவன் அணி ஜெயித்த கோபம் என்று வீட்டார் சொன்னார்கள். என் மகனும் அன்று அதே பரீட்சைக்குத்தான் பஸ்ஸில் போனான். அவனைவிட ஒரு நாள் கூடப் பெரியவனாகவோ சின்னவனாகவோ இருக்கமாட்டான் அந்தப் பிள்ளை என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். அதில் பையன்களின் கயிறு மட்டுமா இருந்தது? பள்ளிகளின் பெயரில் இருக்கிற சாதிப் பெயரை எடுங்கள் என்று இருந்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கிற சாதிக்காரரையே அங்கே தலைமையாசிரியராகப் போடாதீர்கள் என்று இருந்தது. பெரியவர்களைப் பார்த்துச் சொன்னது ஏராளம். டீக்கடையில் அடிபட்டது எது? கயிறும் நெற்றிப் பொட்டும். பெரியவர்களுக்குச் சொன்னதைப் பெரியவர்கள் படிக்கவில்லை.

ஒன்றுதான் கதை, நிறத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னேனே, அதை இங்கே திருத்த வேண்டும். எல்லாக் கயிறும் ஒன்றில்லை. ஒரு கயிறு மிரட்டுவதற்காகக் கட்டுவது. இன்னொரு கயிறு அந்த மிரட்டலுக்குப் பயந்து, நாமும் நாலு பேர் இருக்கிறோம் என்று காட்டக் கட்டுவது. நம்முடையது எது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் யார் தெரு கோயிலை ஒட்டி இருக்கிறது, யார் தெரு வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே போதும். அதனால் ‘அவங்க அவுக்கட்டும், நாங்க அவுக்கோம்’ என்ற பேச்சை என்னிடம் யாரும் கொண்டுவர வேண்டாம். முதலில் அவிழ்க்க வேண்டியது நாம்தான்.

இது சாமி கயிறு, அம்மன் காப்பு என்று செயலாளர் மாமா சொல்வீர்கள். மாமா, நீங்கள்தானே நம் கொடைக்குக் காப்புக் கட்டுகிறவர். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டுகிறீர்கள். கட்டினால் கவிச்சி இல்லை, ஊர் எல்லை தாண்டக்கூடாது. கொடை முடிந்ததும் என்ன செய்வீர்கள்? அவிழ்ப்பீர்கள்தானே? அவிழ்க்காமல் வருடம் பூராவும் கட்டிக்கொண்டு திரிந்தால் அது காப்பா? லாரி ஆபீசில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற இரண்டு நிறக் கயிற்றுக்கு எந்த அம்மன் உத்தரவு கொடுத்தாள்?

என் தொழிலிலும் நிறம் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கரண்டு வருகிற பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். தொடுகிறவன் செத்துவிடக்கூடாது என்றுதான் கம்பிக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் அதை நீட்டவில்லை.

நாம் இதற்கு முன்னால் அவிழ்க்காதவர்கள் ஒன்றும் இல்லை. நம் பழைய கிணற்றுச் சுவரில் என் தாத்தா பெயர் வெட்டியிருக்கிறது, பெயருக்குப் பின்னால் நீளமாகச் சாதிப் பட்டத்தோடு. என் அப்பா கையெழுத்தில் அது இல்லை. எனக்கு வெறும் இனிஷியல்தான். 1929இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூட்டி, பெயருக்குப் பின்னால் இருக்கிற சாதிப் பட்டத்தை விடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியன் நம் தென்பக்கத்துக்காரர், பட்டிவீரன்பட்டி. என் அப்பாவுக்கு அந்த மாநாடு நடந்ததே தெரிந்திருக்காது. ஆனால் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக விட, விட, ஊரில் அதுவே வழக்கமாகிப் பட்டம் தானாக உதிர்ந்தது. யாரும் பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு, ஊரெல்லாம் பட்டம் போட்டுக்கொள்ளட்டும், நீ மட்டும் போடாதே, தைரியமாக இரு என்று சொல்லவில்லை. எனக்குப் பட்டம் இல்லாமல் இருக்க எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை. அதைத்தான் நான் என் மகனுக்குக் கேட்கிறேன்.

பெரியவர்கள் விட்டால் நடக்கும் என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த இன்னொன்றும் உண்டு. 1997இல் நான் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தேன். விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சாதியில் பிறந்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் என்ன கலவரம், எத்தனை உயிர். பஸ்ஸில் எழுதிய பெயருக்காக. கடைசியில் அந்த வருடமே எல்லாத் தலைவர் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. நம் கட்டபொம்மன் பஸ்ஸிலும் பெயர் அழிந்தது. பெயர் போனதில் எனக்கு வருத்தம்தான். கட்டபொம்மன் பஸ் என்று சொல்லியே வளர்ந்தவன். ஒரு தியாகியின் பெயரைக்கூடச் சாதிக்காரர் ஆக்கியல்லவா இறக்கினோம். ஆனால் இன்றைக்கு என் மகனுக்கு அந்த பஸ்ஸுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது. பஸ்ஸின் மேல் இருந்து இறங்கியதை நாம் பஸ்ஸுக்குள் பையன்கள் கையில் கட்டிவிட்டிருக்கிறோம்.

என் தங்கை டீச்சர். பி.எட். படிக்கும்போது படித்த ஒரு சோதனையை எனக்குச் சொன்னாள். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற பேராசிரியர் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கிற மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பது. குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் அறையில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் எல்லோரும் பேராசிரியரின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே மாதிரி தப்பாகச் சொல்வார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் கல்லூரி மாணவன், சின்னப் பையன்கூட இல்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்ன தப்பையே சொல்லியிருக்கிறார்கள். வெறும் கோட்டுக்கே அந்தக் கதி. அடி இல்லை, மிரட்டல் இல்லை, டிபன் பாக்ஸ் பறக்கவில்லை.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அடுத்த பாதிதான். அந்த அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள் உண்மையைச் சொல்லும்படி வைத்தபோது, தப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாம். கூட்டம் அதே கூட்டம். ஒரு ஆள் போதும். நான் மகனிடம் ‘தனியா நில்லு’ என்று சொன்னேனே, அதில் தப்பு ‘தனியா’ என்ற சொல்லில்தான் இருந்திருக்கிறது. அந்த ஒரு ஆளாக நான் பஸ்ஸில் ஏறி நிற்க முடியாது. உங்களால் முடியும். நீங்கள் ஏற வேண்டியதுகூட இல்லை.

எப்படி என்று கேட்டால், அந்தப் பையன்களுக்குக் கையில் கயிறு கட்டியது பையன்களா? முதல் கயிறு எங்கே கட்டுகிறார்கள்? ஜெயந்தி அன்று, நம் மேடையில், உங்கள் கையால். வேட்டி கட்டத் தெரியாத வயசில் வரிசையில் நிற்க வைத்து, போட்டோ எடுத்து, அதையே பிளக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப்பில் வைக்கிறோம். எட்டாம் வகுப்புப் பையன் கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் சிங்கம், கீழே ‘அடுத்த தலைமுறை’ என்று எழுத்து. காலையில் அவன் பஸ்ஸுக்கு நிற்பதே அந்தப் பிளக்ஸின் நிழலில்தான். பெண்பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள், எந்த சீட்டில் உட்காருகிறார்கள் என்று வேவு பார்த்து வந்து சொல்லும் வேலையையும் அந்தப் பையன்களிடமே கொடுத்திருக்கிறோம். பிறகு ஒருவன் அரிவாளைத் தூக்கினால், பயல் கெட்டுப்போய்விட்டான், செல்போன் கெடுத்துவிட்டது என்கிறோம்.

தலைவர் அண்ணாச்சி, உங்கள் மேல் மரியாதை உள்ளவன் நான். என் கடை திறப்புக்குக் குத்துவிளக்கு ஏற்றியது நீங்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பேரன் சென்னையில் படிக்கிறான், என் மகன் வயசுதான். போன கொடைக்கு வந்திருந்தான். நல்ல பையன், எல்லோரையும் வாங்க என்று கேட்டான். அவன் கையில் ஸ்மார்ட் வாட்ச்தான் இருந்தது. ஏன் அண்ணாச்சி? அவன் படிக்கிற பள்ளிக்கூட வேனில் கயிறு கட்டினால் சிரிப்பார்கள், அதனால்தானே? அவனுக்குக் கயிறு இல்லாதது தைரியம் இல்லை, அங்கே அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நம் பதினொரு கிலோமீட்டருக்கும் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் கேள்வி. வழக்குப் போட்டால் வக்கீல் வைத்துத் தருவோம் என்று இளைஞரணித் தம்பிகள் பையன்களிடம் சொல்கிறார்கள். வக்கீல் வருவார். வழக்கில் மாட்டிய சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் ராத்திரி படுக்கப்போவது யார்? அங்கே போய் வந்த ஒரு பையனின் அப்பா என் கடைக்கு மோட்டார் கொண்டுவருவார். மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார், சரி செய்து முடிக்கிறவரை.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும் முன் சங்கக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெரியவர்கள் நீங்கள் முதலில் உங்கள் கயிற்றை அவிழ்க்க வேண்டும், பையன்கள் பார்க்க. அண்ணாச்சி, நீங்கள் முதல் ஆள். அவர்களை அவிழ்க்கச் சொல்லிப் பேச வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம், ஒரு வார்த்தை அறிவுரையும் வேண்டாம். உங்கள் கை வெறுமையாக இருப்பதை மறுநாள் பஸ்ஸில் அவர்களே பேசிக்கொள்வார்கள். பஸ் ஸ்டாப் பிளக்ஸை எடுத்துவிட்டு அந்தக் கம்பிச் சட்டத்தில் நிழலுக்குத் தகரம் போடலாம், வெல்டிங் வேலை என் பொறுப்பு. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைகளும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் நிழல். இளைஞரணித் தம்பிகளில் இரண்டு பேர் முதல் பதினைந்து நாள் அந்தக் காலை பஸ்ஸில் வெறும் கையோடு போய் வரட்டும், டிக்கெட் செலவு சங்கம் கொடுக்கட்டும். வேண்டாத வேலை என்று நினைப்பீர்கள். கொடைக்கு முளைப்பாரியோடு ஐம்பது பேர் காவல் போகிறோமே.

இதற்கெல்லாம் நீங்கள் மாட்டோம் என்று சொல்லி என்னை ஒதுக்கி வைப்பீர்களா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். தலைக்கட்டு வரியை எப்போதும்போல் கட்டிவிடுவேன். வாங்கமாட்டோம் என்றால் அது உங்கள் முடிவு. ஊரில் மோட்டார் எரிந்தால் வேறு எங்கே கொண்டுபோவீர்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தைரியத்துக்கு.

மகனுக்கு இந்த மடலைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். டிபன் பாக்ஸ் விஷயத்தை எடுத்துவிடுங்கள் யப்பா என்றான். எறிந்த பையன் இப்போது அவனுக்குக் கூட்டாளியாம். பெயர் போடவில்லையே என்றேன். சரி என்று போய்விட்டான். கொடியில் கயிறு காய்ந்துகொண்டிருந்தது, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

லாரி ஆபீசில் நேற்று மறுபடி விசாரித்தேன். பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறதாம், சங்கத்திலிருந்து யாரும் எடுக்க வரவில்லையாம். எடுக்காமல் திருப்பி அனுப்பினால் வாடகை நூற்றிச் சொச்சம் ஆகும் என்றான். பணத்தை அவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு போன் மட்டும் பண்ண வேண்டும் அண்ணாச்சி.

இப்படிக்கு,
உங்கள் தெருவிலேயே கடை வைத்திருக்கிற
காயில் கட்டுகிறவன்